மூன்று கடுதாசியும் ஒரு சமையலறையும்



பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரத்தில், எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பெற்றோர் மாலை நேரத்தில் எங்களைத் தேடி வந்தார்கள். மகளின் படிப்பைப் பற்றி விசாரிக்க வந்திருப்பார்கள் என்றுதான் எண்ணினோம். அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து மூன்று கடுதாசிகளை எடுத்து மேசைமீது வைத்தார். "சார், இதுல எது மலிவுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

குளுவாங் பக்கத்தில் ஒரு தாமானில் வீடு வாங்கிச் சாவியும் பெற்றுவிட்டார்கள். வீட்டுக்காரர் ஒரு காலத்தில் பால் வெட்டியவர். இப்போது செம்பனைக் குலை அறுக்கிறார். புது வீட்டுச் சமையலறையோ வெறும் நான்கு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயுமாக இருக்கிறது. அதில் அலமாரி பொருத்தித் தர மூன்று கடைகள் எழுதிக் கொடுத்த விலைக் குறிப்புகளே அந்தக் கடுதாசிகள். மலாயில் இதைச் 'செபுட் ஹர்கா' என்பார்கள். ஒன்று மலாய் மொழியில் இருந்தது. ஒன்று பாதி ஆங்கிலமும் பாதி சீனமும். மூன்றாவதில் கையெழுத்தாக ஒரே ஒரு வரி.

மூன்றின் அடியிலும் இருந்த தொகைகள் இவை: 7,000 வெள்ளி, 7,800 வெள்ளி, 8,500 வெள்ளி. முதல் கடைக்கு முன்பணம் கட்டிவிடலாம் என்று கணவர் சொல்லிவிட்டாராம். அம்மாளுக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

நேயர்களே, 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்தக் கணக்கில் ஒரு சமையலறை அலமாரி என்பது நான்கைந்து மாதச் சம்பளம். பலர் இதற்கு ஊழியர் சேமநிதியைத்தான் நாடுகிறார்கள். 2024 மே மாதத்தில் அந்தக் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, 55 வயதுக்குட்பட்டோர் நெகிழ்வுக் கணக்கிலிருந்து எந்தக் காரணமும் காட்டாமல் பணம் எடுக்க முடிகிறது. முதுமைக்கென்று சேர்ந்த காசு அலமாரிக் கதவாக மாறுகிறது என்றால், அந்தக் கதவு எத்தனை ஆண்டு நிற்கும் என்று கேட்பது நியாயம்தானே?

நமக்கு இந்தப் பழக்கம் குறைவு. அதற்குக் காரணமும் உண்டு. லயத்து வீட்டை நிர்வாகம் கட்டியது. கூரை ஒழுகினால் நிர்வாகத்திடம் சொன்னோம். மளிகைச் சாமானைக் கடைப்பற்றில் வாங்கினோம். விலை கடைக்காரரின் நோட்டில் இருந்தது. சுவரையும் பலகையையும் விலை பேசி வாங்கும் முதல் தலைமுறை நாம்தான். விலைக் குறிப்பைப் படிக்கத் தெரியவில்லை என்று யாரும் வெட்கப்பட வேண்டுவதில்லை. எங்களுக்கே ஒரு சமயம் தெரியாமல் போயிற்று. அதைப் பிறகு சொல்கிறோம்.

முதல் கடுதாசியை எடுத்துக்கொள்வோம். 'ஓர் அடிக்கு 250 வெள்ளி, 28 அடி, மொத்தம் 7,000' என்று இருந்தது. சமையலறை அலமாரியை இங்குள்ள கடைக்காரர்கள் பெரும்பாலும் அடிக் கணக்கில்தான் விற்கிறார்கள். சுவரோரமாக எத்தனை அடி நீளமோ அத்தனைக்கு விலை. தரையில் நிற்கும் கீழ் அலமாரிக்கு ஒரு கணக்கு, சுவரில் தொங்கும் மேல் அலமாரிக்கு ஒரு கணக்கு. இவர்கள் வீட்டில் நீளமான சுவர் 10 அடி, அதை ஒட்டி மூலையில் திரும்பும் சுவர் 8 அடி. இரு சுவரிலும் கீழ் அலமாரி. நீளச் சுவரில் மட்டும் மேல் அலமாரி. 10, 8, மீண்டும் 10, கூட்டினால் 28. கணக்கு சரியாகத்தான் தெரிகிறது.

இரண்டாவது கடைக்காரர் அதே சமையலறைக்கு 26 அடி என்று எழுதியிருந்தார். அடிக்கு 300 வெள்ளி வீதம் 7,800. ஒரே சுவர் எப்படி இரண்டு அடி குறைந்தது?

விடை மூலையில் இருக்கிறது. மேசைமீது இரண்டு புத்தகங்களை மூலை திருப்பி வைத்துப் பாருங்கள். கீழ் அலமாரி 2 அடி ஆழம் கொண்டது. 10 அடிச் சுவரில் மூலை வரைக்கும் அலமாரி வந்துவிட்டால், அடுத்த சுவரில் முதல் 2 அடியை அது ஏற்கெனவே அடைத்துக்கொள்கிறது. அங்கே மிஞ்சுவது 6 அடிதான். ஆகவே கீழ் அலமாரி 16 அடி. மேல் அலமாரியோடு சேர்த்து 26. முதல் கடைக்காரர் அந்த மூலையை இரண்டு முறை எண்ணியிருக்கிறார். அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. மூலையில் வேலை அதிகம், அதனால் சுவரின் முழு நீளத்துக்கும் போடுகிறோம் என்று பல கடைகள் சொல்வது உண்டு. ஆனால் ஒருவர் மூலையை ஒருமுறையும் மற்றவர் இருமுறையும் எண்ணும்போது, 250-ஐயும் 300-ஐயும் அருகருகே வைத்து இதுதான் மலிவு என்று சொல்வதில் பொருளே இல்லை.

அடுத்து, அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கும் என்று பார்த்தோம். முதல் கடுதாசியின் அடியில் சிறிய எழுத்தில் 'மேசைப் பலகை தனி, அடி 90 வெள்ளி' என்று இருந்தது. அதாவது அலமாரி மட்டுமே 7,000. அதன்மேல் நாம் காய் நறுக்கும் தளம் அதில் சேராது. 18 அடிக்கு அது 1,620 வெள்ளி. பாத்திரம் கழுவும் தொட்டியும் சேரவில்லை, அதற்கு 350. கூட்டினால் 8,970 வெள்ளி. இரண்டாவது கடையில் மேசைப் பலகை சேர்த்தி, தொட்டி மட்டும் தனி. அங்கே 8,150 வெள்ளி. மூன்றாவது கடையில் எல்லாம் சேர்த்து 8,500. எல்லாவற்றிலும் மலிவு என்று எண்ணிய கடை எல்லாவற்றிலும் விலை கூடியதாகிவிட்டது. வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது அப்போதுதான்.

இனி மூன்றாவது கடுதாசி. 'கிச்சன் கேபினட், முழுமை, 8,500' என்ற ஒரே வரி. என்ன பலகை என்று ஒரு சொல்லும் இல்லை. இதைப் பார்த்ததும் எங்களுக்குப் பழைய நினைவு வந்தது. நாங்கள் தாமானுக்குக் குடிவந்தபோது இதே போன்ற ஒற்றை வரி ரசீதை வாங்கிக்கொண்டு ஒரு கடையில் பணம் கட்டினோம். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் தொட்டிக்கு அடியில் இருந்த பலகை, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி போல ஊதிப்போய், கதவின் கீல் கையோடு கழன்று வந்தது. கடைக்காரரிடம் போனால், நாங்கள் எந்தப் பலகை என்று எழுதிக் கொடுத்தோமா என்று கேட்டார். எழுதிக் கொடுக்கவில்லைதான்.

பலகையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நமக்கு அது அந்நியமான பொருள் அல்ல. 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்தை ஒரு காலத்தில் மறுநடவின்போது அப்படியே எரித்தார்கள், இல்லாவிட்டால் விறகாக்கினார்கள். வெட்டிய சில நாட்களிலேயே பூசணம் பிடித்து நீலம் பாரிக்கும், வண்டு துளைக்கும் என்பதால் அதைத் தச்சர்கள் தொடவில்லை. போரோன் உப்புக் கரைசலை மரத்துக்குள் அழுத்தி ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகுதான், 1970-களிலும் 1980-களிலும் அது மரச்சாமான் மரமாயிற்று. நம் ஜொகூரின் மூவார் நகரம் இன்று மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போனதாக இருப்பதில் அந்த மரத்துக்குப் பெரும் பங்குண்டு. நம் பாட்டனார்கள் வெட்டிய பால் மரந்தான் நாற்காலியாகவும், தூளாகிப் பலகையாகவும் கடைக்கு வருகிறது.

தூளாகி வருவதில்தான் வேறுபாடு. மரச்சில்லுகளைப் பசை கலந்து அழுத்தினால் சிப்போர்ட். மரத்தை இன்னும் நுண்ணிய நாராக்கி அழுத்தினால் எம்.டி.எஃப். மெல்லிய மரத்தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, நரம்பு குறுக்கு நெடுக்காக அமையும்படி ஒட்டினால் பிளைவுட். மேலே ஒட்டும் பளபளப்பான தாள் மூன்றுக்கும் ஒன்றே. கடையில் பார்க்கும்போது மூன்றும் ஒரே அழகு. தண்ணீர் பட்டால்தான் குலம் கோத்திரம் தெரியும். சாதாரணச் சிப்போர்ட் வெட்டு விளிம்பு வழியாகத் தண்ணீரை உறிஞ்சி ஊதும். ஊதியது பழைய நிலைக்குத் திரும்பாது, திருகாணியும் பிடிக்காது. பிளைவுட் அந்த அளவுக்குக் கெடுவதில்லை. நல்ல பசை போட்டதாக இருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் இதை அறிவியல் பாடத்திலேயே சோதித்துப் பார்த்தார்கள். கடைகளில் கேட்டு வாங்கிய வெட்டுத்துண்டுகளின் கனத்தை அளந்து, வாளித் தண்ணீரில் ஓர் இரவு போட்டு, மறுநாள் மீண்டும் அளந்தார்கள். சிப்போர்ட் துண்டின் ஓரம் பிரிந்து உதிர்ந்தது. பிளைவுட் சற்றுத்தான் பருத்தது. நீங்களும் கடைக்காரரிடம் ஒரு துண்டு கேளுங்கள். கொடுக்கத் தயங்குகிறவரிடம் நாங்களாயிருந்தால் வாங்க மாட்டோம்.

அப்படியென்றால் முழுவதும் பிளைவுட்டே வேண்டுமா என்றால், தேவையில்லை. மேல் அலமாரியில் தண்ணீர் படுவதில்லை. அங்கே மலிவான பலகை போதும். தொட்டிக்கு அடியில் வரும் பெட்டியும் அதன் பக்கத்துப் பெட்டியும் நல்ல பலகையாக இருந்தால் பாதிக் கவலை தீரும். குழாய்க்காகப் போடும் துளையின் ஓரங்களைச் சிலிக்கோன் பூசி அடைக்கச் சொல்லுங்கள். பலகை ஊறத் தொடங்கும் இடம் அநேகமாக அந்தத் துளைதான்.

தாழ்வான இடங்களில் இருப்பவர்களுக்கு வேறு யோசனை சொல்வோம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங் பக்கங்களில் வெள்ளம் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2023 மார்ச் மாதத்தில் பத்து பஹாட், யோங் பெங் வட்டாரம் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தது. அப்படிப்பட்ட வீட்டில் எந்தப் பலகையும் தாங்காது. செங்கல் கட்டிச் சிமெண்டு மேடை போட்டு, ஓடு பதித்து, அலுமினியக் கதவு மாட்டிவிட்டால் வெள்ளம் வடிந்த பிறகு கழுவிவிட்டுச் சமைக்கலாம். பார்வைக்கு நாகரிகம் குறைவு என்பார்கள்; சொல்லிவிட்டுப் போகட்டும்.

கீல், லாச்சி ஓடும் தண்டவாளம், கேஸ் தோங் வைக்கும் இடம், விற்பனை வரி, ஏற்றுக்கூலி இவையெல்லாம் சேர்த்தியா தனியா என்று ஒரு வார்த்தை கேட்டு, பதிலை அந்தக் கடுதாசியிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

பணம் கட்டும் முறையில்தான் பலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். மூன்றாவது கடைக்காரர் முன்பணமாக நூற்றுக்கு 70 கேட்டிருந்தார். அவ்வளவும் கொடுத்துவிட்டால், வேலை முடியும் வரை நம் கையில் பிடி எதுவும் இல்லை. முன்பணத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ குறைத்து, சாமான் வீட்டுக்கு வந்து இறங்கியதும் ஒரு பகுதி, எல்லாம் பொருத்திக் குழாயைத் திறந்து ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கடைசிப் பகுதி என்று பேசுவதே நல்லது. கடைசியில் நூற்றுக்குப் பத்தாவது நம்மிடம் நிற்க வேண்டும். ரசீதில் கடையின் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

மீறித் தவறு நடந்துவிட்டால் வழி இல்லாமல் இல்லை. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் 10,000 வெள்ளியாக இருந்த கோரிக்கை வரம்பு 2003-இல் 25,000 ஆகி, 2019 முதல் 50,000 வெள்ளியாக உயர்ந்திருக்கிறது. சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் போக வேண்டும். அங்கே முதலில் கேட்பது எழுத்துச் சான்றைத்தான். ஒற்றை வரி ரசீதோடு நாங்கள் அங்கு போயிருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்று இன்றும் தெரியவில்லை.

அன்று மாலை அந்தத் தம்பதியரோடு ஒரு வேலை செய்தோம். நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து அவர்களுக்கு வேண்டியதை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினோம். கீழ் அலமாரி எவ்வளவு, மூலையை ஒருமுறைதான் எண்ண வேண்டும், தொட்டிப் பக்கம் பிளைவுட், மேசைப் பலகையும் தொட்டியும் சேர்த்து, முன்பணம் இவ்வளவுக்கு மேல் இல்லை. எழுதிக்கொண்டே வரும்போது அம்மாள், "மேல 10 அடி எதுக்கு? எனக்கே எட்டாது" என்றார். மேல் அலமாரியை 6 அடியாக்கினோம். அந்த நான்கு அடியில் மட்டும், இரண்டாவது கடையின் விலைப்படி, 1,200 வெள்ளி மிச்சம். தாளை மூன்று படி எடுத்தோம். மூன்று கடைகளுக்கும் ஒரே தாளைக் கொடுத்துப் புதிதாக விலை கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினோம்.

மறுவாரம் அவர்களின் மகள் வகுப்புக்கு வந்ததும் வராததுமாக எங்களிடம் ஓடி வந்தாள். அப்பாவின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போய்ப் புது வீட்டுச் சுவரை அவளே அளந்தாளாம். 10 அடி என்று கணக்கிட்டிருந்த சுவர், 9 அடி 8 அங்குலம்.