நியமிப்பும் பண்பறி பகுப்பும்: பாடசாலை ஆய்வுகூடத்தின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இலக்கிய ஆய்வில் ஈடுபட்டோர் இரசாயன ஆய்வுகூடம் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். எனினும், ஓர் இலக்கிய ஆக்கத்தை அதனைத் தோற்றுவித்த சமூகத்தினின்றும் பிரித்து விளங்கிக்கொள்ளவியலாது என வற்புறுத்திவரும் நாம், அதே நோக்கினை விஞ்ஞானச் செய்முறைகளுக்கும் விரிப்பதில் முரண்பாடெதுவும் இல்லை. உயர்தர வகுப்பு மாணவர் பயிலும் நியமிப்பும் பண்பறி பகுப்பும் பாடநூல்களிலே காலமும் இடமும் கடந்த விதிகளாகவே தரப்படுகின்றன. அவை எத்தேவையினின்றும் பிறந்தன, அவற்றின் உள்ளார்ந்த தருக்கம் யாது, எமது கல்விமுறையில் அவை என்னவாகியுள்ளன என்னும் மூன்று வினாக்களை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

1

நியமிப்பின் தோற்றத்தைத் தேடிச் செல்வோர் சென்றடையும் இடம் பல்கலைக்கழகமன்று. துணி வெளுக்கும் களமே. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நூற்றலும் நெய்தலும் துரிதமடைந்தபோது, வெளுத்தல் பழைய கதியிலேயே நின்றது. துணியைச் சாம்பற்காரத்தில் அவித்து, புளித்த பாலில் ஊறவைத்து, புல்வெளியில் மாதக்கணக்காக வெயிலில் விரிக்க வேண்டியிருந்தது. சந்தையில் வாங்கிய சாம்பற்காரத்தின் வலிமையோ சரக்குக்குச் சரக்கு வேறுபட்டது. 1756 இல் எடின்பரோவில் வெளிவந்த தமது நூலில் பிரான்சிஸ் ஹோம் இதற்கொரு வழி கூறினார். சாம்பற்காரத்துடன் ஐதான நைத்திரிக்கமிலத்தைத் தேக்கரண்டி தேக்கரண்டியாகச் சேர்த்து, நுரைத்தெழல் நிற்கும்வரை எத்தனை கரண்டி சென்றது என எண்ணுவதே அவ்வழி. இன்றைய மாணவரின் அளவிக்கு மூதாதை இத்தேக்கரண்டியே.

1785 இல் பேர்தொலே குளோரீனின் வெளிற்றும் ஆற்றலை எடுத்துக்காட்டியபின் நிலைமை மாறியது. மாதங்கள் நாட்களாகச் சுருங்கின. ஆனால் புதியதோர் அபாயமும் தோன்றியது. கரைசல் வலிதாயின் துணி இற்றுப்போகும், மெலிதாயின் வெளுக்காது. துணி நெசவுக்குப் பேர்போன ரூவான் நகரில் வாழ்ந்த டெக்குருவாசில் 1790களில் அவுரி நீலக் கரைசலின் நிறம் அழியும் அளவைக் கொண்டு குளோரீன் கரைசலின் வலிமையைக் கணித்தார். 1806 இல் காரங்களை அளக்கும் கருவியொன்றையும் அவர் விவரித்தார். இவற்றை அறிவுத்தாகம் ஒன்றே பிறப்பித்ததெனக் கொள்வது பொருந்தாது. முதலீட்டைக் காக்கவும், வாங்கும் சரக்கின் தரத்தை அறியவும் எழுந்த நிர்ப்பந்தமே இவற்றின் உந்துவிசையாயிற்று.

கேலுசாக் 1824 இல் வெளிற்றும் தூளையும், 1828 இல் காரங்களையும், 1832 இல் வெள்ளியையும் அளக்கும் முறைகளைச் செப்பஞ்செய்தார். இவற்றுள் மூன்றாவது கருதத்தக்கது. நாணயச்சாலையில் வெள்ளியைப் புடமிட்டு மாற்று அறியும் பழைய முறையில் சிறிதளவு வெள்ளி இழக்கப்பட்டு வந்தது. கறியுப்புக் கரைசலைத் துளித்துளியாக விட்டு, வெள்ளிக்குளோரைட்டு வீழ்படிவாகும் வரை அளக்கும் அவரது முறை அப்பிழையைப் புலப்படுத்திற்று. அரசின் நாணயம் ஒரு கண்ணாடிக் குழாயினால் விசாரிக்கப்பட்டதென்று கூறினும் மிகையாகாது.

இவ்விடத்துச் சொல்லாராய்ச்சி ஒன்று பொருத்தமானது. நியமிப்பைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல், பொன் வெள்ளியின் மாற்றினைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லினின்றும் பிறந்தது. தமிழகத்தார் வழங்கும் ‘தரம்பார்த்தல்’ என்னும் தொடரில் அவ்வணிக வாடை இன்னும் உண்டு. நாம் வழங்கும் ‘நியமிப்பு’ நியமத்தை, அதாவது ஏற்றுக்கொண்ட அளவுகோலை, முன்னிறுத்துகின்றது. இரண்டும் ஒரே செய்முறையின் இரு பக்கங்கள்: ஒன்று அதன் பிறப்பைச் சொல்கின்றது, மற்றது அதன் ஒழுங்கைச் சொல்கின்றது.

காட்டிகளின் வரலாறும் இதனையே உறுதிப்படுத்தும். பினோத்தலீன் 1877 இலும் மெதயிற் செம்மஞ்சள் 1878 இலும் காட்டிகளாக முன்மொழியப்பட்டன. செயற்கைச் சாயத் தொழில் ஓங்கிய காலம் அது. துணியை வெளுக்கப் பிறந்த செய்முறை, துணிக்கு நிறமூட்டும் தொழிலிடமிருந்து தன் கண்களைப் பெற்றுக்கொண்டது.

2

இனி, செய்முறையின் தருக்கத்தை நோக்குவோம். 0.1 மூலர் ஐதரோக்குளோரிக்கமிலத்தின் 25 கன சென்ரிமீற்றரைக் குடுவையிலிட்டு, அதேசெறிவுள்ள சோடியமைதரொட்சைட்டை அளவியினின்றும் விடுவதாகக் கொள்வோம். தொடக்கத்தில் பீ.எச். பெறுமானம் 1. இருபத்திரண்டரை கன சென்ரிமீற்றர் சென்றபின்னும் அது ஏறத்தாழ 2.3 ஆகவே நிற்கும். 24.95 இல் அது 4, 25.05 இல் 10. ஏறக்குறைய இரண்டு துளிகளின் இடைவெளியில் ஐதரசன் அயன்களின் செறிவு பத்து இலட்சம் மடங்கு குறைந்துவிடுகின்றது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதை ஏங்கெல்சு இரசாயனவியலிலே சிறப்பாகக் கண்டமைக்குக் காரணம் இவ்வுதாரணத்தால் விளங்கும். ஆயினும் ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. சமூகமாற்றத்தைக் குடுவையின் நிறமாற்றத்தோடு ஒப்பிட்டு நிறைவுகொள்வது இயங்கியலன்று. அது வெறும் உவமையே. குடுவையில் கலப்பவற்றுக்கு உணர்வில்லை, வரலாறில்லை.

காட்டியைத் தெரிவதும் இயந்திரப் பாங்கான செயலன்று. 0.05 மூலர் சோடியங்காபனேற்றுக் கரைசலின் 25 கன சென்ரிமீற்றரை 0.1 மூலர் ஐதரோக்குளோரிக்கமிலத்தால் நியமிக்கும்போது, பினோத்தலீன் 12.5 இலேயே நிறமிழக்கும். மெதயிற் செம்மஞ்சளோ 25 இல் நிறம் மாறும். முன்னையது காபனேற்று இருகாபனேற்றாகும் பாதிவழியைக் காட்டுகின்றது. பின்னையது தாக்கத்தின் நிறைவைக் காட்டுகின்றது. எவ்வினாவை எழுப்புகின்றோமோ அதற்குரிய விடையே கிடைக்கின்றது.

பண்பறி பகுப்பில் இத்தருக்கம் இன்னொரு வடிவம் பெறுகின்றது. 1841 இல் பிரெசெனியசு வெளியிட்ட கைந்நூல் மாணவருக்கென இம்முறையை ஒழுங்குபடுத்திற்று. 1848 இல் அவர் வீஸ்பாடனில் ஆய்வுகூடமொன்றையும் நிறுவினார். கற்றயன்களைக் கூட்டங்கூட்டமாகப் பிரிக்கும் அவ்வொழுங்கின் உயிர்நிலை வரிசையே. ஐதான ஐதரோக்குளோரிக்கமிலம் வெள்ளியையும் ஈயத்தையும் முதலில் வீழ்படியச் செய்யும். வெந்நீரில் கரைவது ஈயக்குளோரைட்டு. அமோனியாவில் கரைவது வெள்ளிக்குளோரைட்டு. அடுத்து, அமில ஊடகத்தில் ஐதரசன் சல்பைட்டைச் செலுத்தினால் செம்பு முதலியன வீழும். நாகமும் மங்கனீசும் கரைசலிலேயே நிற்கும். கார ஊடகத்தில் அதே வாயுவைச் செலுத்தினால் அவையும் வீழ்ந்துவிடும். இரும்பு, அலுமினியம் ஆகியவற்றை அமோனியாவால் வீழ்த்துமுன் அமோனியங்குளோரைட்டைச் சேர்ப்பதும், ஐதரொட்சைட்டு அயன்களைக் கட்டுப்படுத்தி மகனீசியத்தைக் கரைசலில் நிறுத்தவே. ஒரு பொருளின் நடத்தை அதனுள் மட்டும் அடங்கியிருப்பதன்று. அது நிற்கும் சூழலோடு கொண்ட உறவிலேயே வெளிப்படுகின்றது. வரிசை பிழைத்தால் விடையும் பிழைப்பது இதனாலேயே.

3

இத்தகைய செய்முறைகள் எமது பாடசாலைகளில் என்னவாகியுள்ளன? பலவிடத்து அவை அட்டவணைகளாகிவிட்டன. ‘வெண் வீழ்படிவு, அமோனியாவிற் கரையும், ஆகவே வெள்ளி’ என்பதனை நிகண்டுச் சூத்திரம்போல மனனஞ்செய்யும் மாணவர், வெள்ளிக்குளோரைட்டு ஒளிபட்டு ஊதாநிறம் கொள்வதைக் கண்டதில்லை. எழுத்துத் தேர்விற் கேட்பதற்கு எளிதானது கணக்கீடு. கையின் நடுக்கத்தை அடக்கி ஒரு துளியை அரைத்துளியாக்கும் பயிற்சியை எந்த வினாத்தாளும் கேட்பதில்லை. அமிலமும் அளவியும் உள்ள பாடசாலைக்கும், பூட்டிய அலுமாரி மட்டுமுள்ள பாடசாலைக்கும் ஒரே வினாத்தாள் வழங்கப்படுகின்றது. சமத்துவத்தின் வடிவில் அசமத்துவம் இயங்கும் முறை இதுவே.

தமிழ்மொழியைக் குறைகூறி இந்நிலைக்குக் காரணங் கற்பிப்பது தவறு. மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் போதித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் முயற்சியால் 1875 இலேயே ‘கெமிஸ்தம்’ தமிழில் வெளிவந்தது. அளவி, குழாயி என்னும் சொற்கள் இன்று ஈழத்து மாணவரின் நாவில் இயல்பாகவே வழங்குகின்றன. சொல் கிடைத்தது; பொருள் எல்லோர் கையையும் எட்டவில்லை.

இக்குறைக்கு ஆழமான வேரொன்று உண்டு. உவர்மண்ணாலும் சாம்பலாலும் துணி வெளுத்த வண்ணாரும், ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் சாயவேர் தோண்டியோரும், அவ்வேரால் துணிக்கு நிறமேற்றியோரும் காரத்தையும் சாயத்தையும் கைகளால் அறிந்தவர்கள். ரூவானின் வெளுப்புக் களத்தில் அத்தகைய அறிவு அளவியாக உருமாறியது. எமது சமூகத்திலோ அது சாதிக்குள் அடைக்கப்பட்டது. அதனை அறிந்தவரின் பிள்ளைகள் பள்ளி வாங்கில் சமமாக அமரவே 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் போராடவேண்டியிருந்தது. வாங்கில் அமர்ந்திருந்தோரின் கல்வியோ எழுதுவினைஞர் பதவியை நோக்கியது. கைத்திறன் உடையோருக்கு ஏடு மறுக்கப்பட்டது. ஏடு உடையோர் கைத்தொழிலை இழிவெனக் கொண்டனர். குடியேற்ற ஆட்சி தொழிற்றுறையைத் தன் தாயகத்துக்கென ஒதுக்கிக்கொண்டமை இப்பிளவினை மேலும் இறுக்கியது. செய்முறையை அட்டவணையாகச் சுருக்கும் இன்றைய வழக்கம் இப்பழைய பிளவின் தொடர்ச்சியே.

அளவியின் முன்னால் ஆசிரியரின் கூற்றோ பாடநூலின் கூற்றோ இறுதி ஆதாரமாகாது. மூன்று அளவீடுகள் ஒத்துவரவில்லையெனின் நான்காவதைச் செய்யவேண்டும்; விடையைத் திருத்தி எழுதுதல் கூடாது. அதிகாரத்தினின்று சான்றை வேறுபடுத்திக் காணும் இவ்வொழுக்கம் விஞ்ஞான மாணவருக்கு மட்டும் உரியதன்று. இலக்கியத்தையும் வரலாற்றையும் ஆராய்வோருக்கும் அது தேவை. ஆதலால், ஒவ்வொரு கிராமப் பாடசாலைக்கும் ஓர் ஆய்வுகூடமும், ஒவ்வொரு மாணவர் கையிலும் ஓர் அளவியும் வேண்டும் என்னும் கோரிக்கை கல்வி வசதி பற்றிய கோரிக்கையாக மட்டும் அமைவதில்லை. அது எமது சிந்தனை மரபின் சனநாயகமயமாக்கம் பற்றிய கோரிக்கையுமாகும் என்பதே எமது துணிபு.