பார்சலில் போகாத கறிவேப்பிலை

நம் போன்ற குடும்பங்களின் கதையே தனி. நாம் தமிழ்நாட்டை விட்டு மும்பைக்கு வந்தோம். நம் பிள்ளைகள் இந்தியாவை விட்டே போய்விட்டார்கள். முன்பு ஊரிலிருந்து நமக்குப் பார்சல் வரும். இப்போது நாம் நியூஜெர்சிக்கும் லண்டனுக்கும் கட்டி அனுப்புகிறோம். மாட்டுங்காவில் எல்லாம் வாங்கி, பெட்டி கட்டி, தபாலாபீசுக்கு வந்த பிறகுதான் "இதெல்லாம் போகுமா சார்?" என்ற கேள்வியே பிறக்கிறது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். அந்தக் கேள்விக்கு அங்கே நின்றபடி பதில் சொல்ல நேரம் கிடைத்ததில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. தபாலாபீசில் வாங்கிக்கொண்டாலே போய்ச் சேர்ந்துவிடும் என்று அர்த்தமில்லை. நம் நாட்டுச் சுங்கம் ஒரு வாசல், அந்த நாட்டுச் சுங்கம் இன்னொரு வாசல். இரண்டாவது வாசலில் தடுத்தால் கேள்விக் கடிதம் போவது நமக்கல்ல, பெறுகிற பிள்ளையின் வீட்டுக்கு. பெட்டியைப் புடவைக்குள் சுற்றி "துணி" என்று எழுதித் தரும் மாமிகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்.

கறிவேப்பிலையை எடுத்துக்கொள்வோம். ஒரு கொத்து இலைக்கு அமெரிக்கா ஏன் இவ்வளவு பயப்படுகிறது? சிட்ரஸ் சில்லா என்று ஒரு பூச்சி. நீளம் 3 மில்லிமீட்டர்தான். எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களில் வாழ்வது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கறிவேப்பிலையிலும் சுகமாக முட்டையிட்டுப் பெருகும். அது பரப்புகிற நோய் வந்த ஆரஞ்சு மரம் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகும். மருந்து கிடையாது. புளோரிடாவில் 1998-ல் பூச்சியும், 2005-ல் நோயும் கண்டுபிடிக்கப்பட்டன. 2003-04-ல் ஏறக்குறைய 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்த அந்த மாநிலத்தில் 2023-24-ல் 2 கோடிப் பெட்டிகூடத் தேறவில்லை. புயலும் ஒரு காரணம்தான், ஆனாலும் பெரும் பங்கு இந்த நோய்க்கே. இதைத் தெரிந்துகொண்டால் அந்த அதிகாரி மேல் கோபம் வராது.

அரிசியும் அப்படித்தான். "பொன்னி அரிசி ரெண்டு கிலோ, அதுல என்ன சார் இருக்கு?" என்பார்கள். காப்ரா வண்டு இருக்கலாம். இந்தியத் துணைக்கண்டத்தில் பிறந்த இந்த வண்டின் புழு தீனியே இல்லாமல் வருஷக்கணக்கில் சாக்கு மடிப்பில் உயிரோடு கிடக்கும். அதனால் இந்த வண்டு உள்ள நாடுகளிலிருந்து தனிநபர் அனுப்பும் அரிசியை அமெரிக்கா 2011 முதல் அனுமதிப்பதில்லை. விதை, செடி, பழம் பக்கமே போகவேண்டாம். ஆஸ்திரேலியா இந்த விஷயத்தில் இன்னும் கறார்.

பிரிட்டனுக்கு பால்கோவா, பனீர் அனுப்ப ஆசைப்படாதீர்கள். கால்நடை நோய்களுக்குப் பயந்து, நம் நாட்டுப் பால் பொருளையும் இறைச்சியையும் அவர்கள் தனியார் பார்சலில் ஏற்பதில்லை.

கசகசா விஷயம் வேறு. அது பூச்சி அல்ல, சட்டம். நமக்குக் குருமாவில் அரைக்கும் சாமான். துபாயிலும் சவுதியிலும் சிங்கப்பூரிலும் போதைப்பொருள் சட்டத்தில் வரும், ஏனென்றால் அது அபினிச் செடியின் விதை. ஒரு ஸ்பூன் கசகசா கலந்த மசாலாப்பொடிகூட அந்த ஊர்களுக்கு வேண்டாம். கோடீன், டிராமடால் உள்ள இருமல் மருந்து, வலி மாத்திரைகளும் அப்படியே. டாக்டர் சீட்டு இருக்கிறதே என்று நாமாக முடிவு செய்யக்கூடாது.

வேடிக்கையான விதி ஒன்றும் உண்டு. 2002-ல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டப்படி உணவுப் பார்சலுக்கு முன்னறிவிப்பு தரவேண்டும். ஆனால் ஒருவர் தன் வீட்டில் தானே செய்து, அன்பளிப்பாகத் தானே அனுப்பும் பண்டத்துக்கு விலக்கு. கடை முறுக்குக்கு அறிவிப்பு, அம்மா சுட்ட முறுக்குக்கு வேண்டாம்! கைமுறுக்குக்கு இவ்வளவு மரியாதை நம்மூரிலேயே கிடையாது.

இனி, பெட்டிமேல் ஒட்டும் சுங்கப் படிவம். சின்னது சி.என். 22, மதிப்பு கூடினால் சி.என். 23. இப்போது அந்த விவரம் பார்சலுக்கு முன்பே கம்ப்யூட்டர் வழியாகப் போய்விடுகிறது. ஆகவே "தின்பண்டம்" என்று மொட்டையாக எழுதாதீர்கள். "வீட்டில் செய்த அரிசி முறுக்கு, 1 கிலோ", "பருத்திப் புடவை, 2" என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, உண்மையான விலையைப் போடுங்கள். அன்பளிப்பு என்ற கட்டத்தில் டிக் செய்தால் மட்டும் வரி போய்விடாது. பிரிட்டனில் 39 பவுண்டு, கனடாவில் 60 கனடா டாலர் வரைதான் அன்பளிப்புச் சலுகை. அமெரிக்காவில் 2016 முதல் 800 டாலர் வரை வரியில்லாமல் விட்டார்கள். 2025 ஆகஸ்ட் 29-ல் அதை நிறுத்தினார்கள். 100 டாலர் வரையான அன்பளிப்புக்கு மட்டும் விலக்கு வைத்தார்கள். அந்தக் குழப்பத்தில் நம் அஞ்சல் துறையே அமெரிக்கப் பார்சல்களைப் பெரும்பாலும் நிறுத்திவைத்து, அக்டோபரில்தான் திரும்பத் தொடங்கியது. ஆகவே போன வருஷம் போயிற்றே என்று நம்பாமல், கட்டுவதற்கு முன் ஒரு தடவை கவுண்டரில் கேளுங்கள்.

சென்ட் பாட்டில், பவர் பேங்க், தீப்பெட்டி இவை விமானத்துக்கே ஆகாது. கார்த்திகைக்கு விளக்கு அனுப்பினால் விளக்கு மட்டும் போகட்டும். தீப்பெட்டியைப் பிள்ளைகள் அங்கேயே வாங்கிக்கொள்வார்கள்.