தாழ்வாரத்தில் ஒரு ஸ்டூடியோ

திருமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்தில் எங்கள் அப்பத்தா காலமானபோது, பதினாறாம் நாள் மாலையிட்டு வைக்க ஒரு படம் வேண்டியிருந்தது. எண்பது வருஷம் வாழ்ந்தவளுக்குத் தனிப்படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு கல்யாணப் படத்தின் கடைசி வரிசையில் பாதி முகம் தெரிந்தது. அதை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கச் சொன்னோம். வந்த படத்தில் ரோஜா நிறக் கன்னமும் வெளுத்த நெற்றியுமாக ஓர் அம்மாள் வீற்றிருந்தாள். "இது யாரு?" என்று கேட்டாள் கொள்ளுப் பேத்தி. எங்களுக்கு நா எழவில்லை.

வீட்டிலேயே படம் பிடிக்கக் கற்றுக்கொள்வதென்று அன்றுதான் தீர்மானித்தோம்.

மதுரைக்குப் போட்டோக் கலை புதிதன்று. 1858-ஆம் ஆண்டிலேயே லின்னேயஸ் டிரைப் என்னும் ராணுவக் காப்டன், சென்னை அரசாங்கத்தின் போட்டோகிராபராக இங்கே வந்தார். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் காகித நெகட்டிவ்களில் பதிவு செய்தார். சர்க்காருக்கு வேண்டியவை கோபுரமும் தூணும். நம் வீட்டு முகங்களைக் காப்பாற்றுவது அவர் வேலையன்று. அது நம் வேலை.

"நமக்கு இது வருமா?" என்று அஞ்சுவோர் ஜூலியா மார்கரெட் காமெரானை நினைத்துக்கொள்ளலாம். 1815-இல் கல்கத்தாவில் பிறந்த அந்த அம்மாளுக்கு, 48-ஆம் வயதில், மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தனர். இங்கிலாந்தின் வைட் தீவில் தம் வீட்டுக் கோழிக்கூண்டையே ஸ்டூடியோவாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் ஆக்கிக்கொண்டார். கவி டென்னிசனும் வானசாஸ்திரி ஹெர்ஷலும் அவருடைய காமிராவுக்கு முன் அமர்ந்தார்கள். 1875-இல் இலங்கையில் குடியேறிய பின்னர், அங்கே தோட்டங்களில் உழைத்தவர்களையும் படமெடுத்தார். 1879-இல் அங்கேயே காலமானார்.

கோழிக்கூண்டே போதுமென்றால், நம் வீட்டுத் தாழ்வாரத்துக்கு என்ன குறை? காலை எட்டு மணி சுமாருக்கு, வெயில் நேரே விழாத இடத்தில், முற்றத்து வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி ஒரு ஸ்டூலைப் போடுங்கள். முற்றமில்லாத வீட்டில் ஜன்னலோரம் போதும். மறு கன்னம் இருண்டால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளை வேஷ்டியை விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பின்னால் பூப்போடாத கம்பளி. அதற்கும் ஸ்டூலுக்கும் மூன்றடி இடைவெளி. கைப்பேசியில் உள்ள காமிராவே போதும். ஆனால் வெகு அருகில் போனால் மூக்குப் பெருத்துவிடும். ஐந்தடி தள்ளிக் கண்மட்டத்தில் பிடியுங்கள்.

ஒரு முக்கியமான விஷயம். வெள்ளைச் சேலையைக் கண்டு காமிரா ஏமாந்து, படம் முழுவதையும் மங்கச் செய்துவிடும். மாநிற முகம் கரியாகும். ஆகையால் திரையில் முகத்தைத் தொட்டு, முகத்துக்குத் தக்கபடி வெளிச்சத்தை அமைத்துக்கொள்ள வேண்டும். பிறகு வெளுப்பாக்கும் வித்தை எதுவும் வேண்டாம். கரிசல் காட்டு வெயிலில் உழைத்த நிறத்துக்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

அப்பத்தாவின் தங்கையை முதலில் உட்காரவைத்தோம். "சாகப்போறவளுக்குப் படம் எதுக்குய்யா?" என்று விறைத்துக்கொண்டாள். வெற்றிலை உரலைக் கையில் கொடுத்து, பழைய மாட்டுத்தாவணிக் கதையைக் கேட்டோம். கிழவி காமிராவை மறந்தாள். அந்தச் சமயத்தில் எடுத்தோம். காகிதத்தில் அச்சிட்டுக் கொடுத்தபோது வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு, "அச்சு அசலா எங்க அக்கா மூக்குல்ல!" என்றாள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமையே ஸ்டூலைப் போடுங்கள்.