விடுதிக் கதவும் நம் பெண் பிள்ளைகளும்



மகாராஜபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பகுதிகளிலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ மகளைப் படிக்க அனுப்பும்போது, விடுதியில் நாம் முதலில் கேட்பது, "ராத்திரி எத்தனை மணிக்குக் கதவைப் பூட்டுவீங்க?" என்பதுதான். சீக்கிரமே பூட்டிவிடுவோம் என்றால் நமக்கு நிம்மதி. அந்த நிம்மதி சரிதானா என்று சற்று யோசிப்போம்.

2022-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் கேரள உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். இரவு 9.30 மணிக்கு மேல் விடுதியை விட்டு வெளியே வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டை எதிர்த்து வழக்கு. பெண்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பூட்டு என்று நீதிபதி தேவன் ராமச்சந்திரன் கேட்டார். தொல்லை கொடுப்பவர்களை வெளியே விட்டுவிட்டுப் பெண்களை உள்ளே அடைப்பது தீர்வாகாது என்பதே அவர் கருத்து. அந்த ஆண்டு டிசம்பரில் கேரள அரசு விதியை மாற்றியது. நேரக் கட்டுப்பாடு ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவானது. இரண்டாம் ஆண்டு முதல், பதிவேட்டில் எழுதிவிட்டுத் தாமதமாகவும் உள்ளே வரலாம்.

பதினெட்டு வயது நிரம்பியவர் சட்டப்படி முழு உரிமையுள்ள குடிமகள். நடமாடும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தருகிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகளுக்கு மட்டும் பாரபட்சமான விடுதி விதிகளைத் திணிக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளும் கூறுகின்றன.

அப்படியானால் பெற்றோரின் அச்சம் தவறா? இல்லை. இருட்டத் தொடங்கும்போது சிறு பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தினார்கள். இரவில் சிறிது நேரம் கழிந்ததும் அவர்களை விட்டுவிடும்படியும் அதே ஹதீஸில் சொன்னார்கள். சிறு பிள்ளைகளின் காவலுக்கே ஓர் எல்லை உண்டு என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ரயில் தாமதமாகி இரவு 10.15-க்கு வந்து சேரும் மகள், பூட்டிய கதவுக்கு வெளியே தெருவில் நிற்க வேண்டியிருந்தால், அந்தப் பூட்டு யாரைக் காக்கிறது?

எனவே விடுதியில் இனி மூன்று கேள்விகள் கேட்போம். தாமதமாக வந்தால் கதவு திறக்குமா? மாணவர்களுக்கும் இதே விதிதானா? தொல்லை நேர்ந்தால் முறையிட உள்ளகப் புகார்க் குழு இருக்கிறதா?

மகளிடம், "எந்த நேரமானாலும் பயப்படாம போன் பண்ணும்மா" என்று சொல்லி அனுப்புவோம். வீட்டில் இருக்கும் மகனிடமும், இரவில் எங்கே போய்விட்டு வருகிறான் என்று கேட்போம். அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக!