போர் முனையில் குழாய் உடைந்தால் யார் சரிசெய்வது?

கோவில்பட்டிக்குக் குடிதண்ணீர் சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுக்கப்பட்டுக் குழாய் வழியாக வருகிறது. கரிசலில் ஆழ்துளைக் கிணறு போட்டாலும் பல இடங்களில் கிடைப்பது உப்புத் தண்ணீர்தான். வழியில் குழாய் உடைந்தால் ஃபிட்டர் போய்ச் சரிசெய்யும்வரை குடத்தோடு காத்திருக்க வேண்டும். நீரேற்று நிலையம் ஒரு படையின் கையிலும், ஊர் எதிர்ப்படையின் கையிலும் இருந்தால் அந்த ஃபிட்டர் எப்படிப் போவார்? நடுநிலை அமைப்புகளுக்கு அங்கேதான் வேலை.

என்ன செய்கிறார்கள்?

பழுது பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்க் குடிநீர், மின்வாரிய ஊழியர்களே. அவர்கள் போய் உயிரோடு திரும்ப வழிசெய்வது நடுநிலை அமைப்பின் பொறுப்பு. ஜெனீவாவில் தலைமையகம் உள்ள சர்வதேச செஞ்சிலுவைக் குழுவுக்கு இதில் நீண்ட அனுபவம் உண்டு. அதன் ஆட்கள் இரு தரப்பிடமும் தனித்தனியே பேசுவார்கள். எந்த இடம், எந்தப் பாதை, எத்தனை பேர், என்ன வண்டி, எத்தனை மணி நேரம் என்று முன்கூட்டியே தெரிவிப்பார்கள். இருவரும் சம்மதித்த பிறகே வண்டி கிளம்பும். துப்பாக்கிக் காவல் வழக்கமாகக் கிடையாது. குண்டு விழுந்தால் வேலையைப் பாதியில் விட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

உதிரிப் பாகங்களிலும் சிக்கல் வரும். குளோரின், சிமென்ட், இரும்புக் குழாய், டீசல் எல்லாமே எதிரிக்கு ஆயுதமாகிவிடும் என்ற சந்தேகம் இருக்கும். அதனால் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும்.

சட்டம் இருக்கிறதா? குடிநீர் நிலையங்களையும் பாசனக் கட்டுமானங்களையும் தாக்கக் கூடாது என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977 கூடுதல் நெறிமுறைகள் சொல்கின்றன. இந்தியாவும் இலங்கையும் அவற்றை ஏற்கவில்லை.

இலங்கையில் நடந்தது

1990-இல் யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையைச் செஞ்சிலுவைக் குழு தன் பாதுகாப்பில் எடுத்தது. சுற்றிலும் பாதுகாப்பு வலயம் அறிவித்து, உள்ளே ஆயுதம் கூடாது என்று அரசிடமும் புலிகளிடமும் சம்மதம் வாங்கியது.

2006-இல் மாவிலாற்றில் அப்படி அமையவில்லை. ஜூலை மாதம் திருகோணமலை மாவட்டத்தில் புலிகள் அணையின் மதகை மூட, ஆயிரக்கணக்கான விவசாயக் குடும்பங்களுக்குத் தண்ணீர் நின்றது. 2002 போர்நிறுத்தத்தை மேற்பார்வையிட நார்டிக் நாட்டவர்களைக் கொண்டு அமைந்த கண்காணிப்புக் குழு தலையிட்டது. அது தொண்டு நிறுவனம் அல்ல, ஆனால் நடுநிலையாக நிற்க வேண்டிய அமைப்பு. மதகைத் திறக்கப் புலிகள் ஒப்புக்கொண்டதாகச் செய்தி வந்தது. ஆகஸ்ட் 6 அன்று குழுத் தலைவர் உல்ஃப் ஹென்றிக்சன் நேரில் மதகை நோக்கிப் போனார். அரசுப் படையின் பீரங்கிக் குண்டுகள் அருகில் விழவே, திரும்பிவிட்டார். ஒரு தரப்பின் சம்மதம் மட்டும் கையிலிருந்து பயனில்லை. நான்காம் ஈழப்போர் அங்கிருந்தே மூண்டது.

அதற்கு இரண்டு நாள் முன்பு, பக்கத்து மூதூரில் பிரான்ஸ் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர் ஊழியர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் செய்துவந்தது குடிநீர், சுகாதாரப் பணி. அந்தக் கொலைகளுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

சரியாக நடந்தால்?

உக்ரைனின் சபோரிஷ்ஷியா அணுமின் நிலையத்துக்கு 2025 செப்டம்பர் 23 அன்று வெளி மின்சாரம் அறுந்தது. உலைகளைக் குளிர்விக்க டீசல் ஜெனரேட்டர்களை நம்பி ஒரு மாதம் ஓடியது. சர்வதேச அணுசக்தி முகமை பேசியதில், மின்கம்பி அறுந்த இடங்களில் மட்டும் சண்டையை நிறுத்த ரஷ்யாவும் உக்ரைனும் இசைந்தன. அக்டோபர் 23 அன்று மின்சாரம் திரும்பியது. கூடங்குளத்தை அருகில் வைத்திருக்கும் நமக்கு அந்த ஒரு மாதத்தின் ஆபத்து எளிதில் புரியும்.

இனி இத்தகைய செய்தியைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள்: இரு தரப்பும் சம்மதித்தனவா, எத்தனை மணி நேரத்துக்கு, வாக்கை மீறினால் யார் பதில் சொல்வது. மூன்றாவதற்கு விடை இல்லாதவரை, பழுது பார்க்கப் போகிறவர் தன் உயிரைத்தான் பணயம் வைக்கிறார்.