உயரமான மட்கலம் வனைதல்

குயவர் சக்கரத்தில் கிண்ணமும் அகலும் வனையக் கற்ற மாணவர், ஓரடி உயரச் சாடியொன்றை வனைய முற்படும்பொழுது பெரும்பாலும் தோல்வியுறுகின்றனர். சுவர் பாதி உயரம் எழுந்ததும் அடிப்பகுதி புடைக்கிறது. அல்லது நடுப்பகுதி முறுக்கிக்கொண்டு கலம் சரிந்துவிடுகிறது. கைவலிமை போதவில்லை என்று மாணவர் எண்ணுவது இயல்பு. உண்மையில் இக்குறை, ஈரக் களிமண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதை அறியாமையால் நேர்வதாகும்.

பெங்களூரிலுள்ள பாட்டரி டவுன் பகுதியில் குயவர் குடும்பங்கள் அகல்விளக்கு, தொட்டி, விநாயகர் உருவம் முதலியவற்றைச் செய்து வருகின்றன. மின்விசைச் சக்கரங்களைக் கொண்ட பயிற்சிக் கூடங்களும் அந்நகரில் நடைபெறுகின்றன. பரம்பரைக் குயவர் பல்லாண்டுப் பழக்கத்தால் அறிந்துகொள்வதை, வாரத்திற்குச் சில மணி நேரமே பயிலும் மாணவர் காரணமறிந்து கற்றல் வேண்டும்.

சுவர் தாங்கும் பாரம்

களிமண் நுண்ணிய தகடு போன்ற துகள்களால் ஆனது. அவற்றினிடையேயுள்ள நீர்ப்படலம் துகள்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்க இடந்தருகிறது. ஆகவே மண் அழுத்தியவாறு வளைந்து, கையை எடுத்தபின் அவ்வடிவிலேயே நிற்கிறது. ஆயினும் பாரம் ஒரு வரம்பை மீறின், அது தானாகவே சரியத் தொடங்கும். நீர் மிகுந்தால் இவ்வரம்பு தாழ்ந்துவிடும்.

வனைவதற்கேற்ற ஈரக் களிமண்ணின் ஒரு கன சென்டிமீட்டர் ஏறத்தாழ 2 கிராம் எடையுள்ளது. எனவே 30 செ.மீ. உயரமும் சீரான கனமும் உடைய சுவரின் அடியில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமார் 60 கிராம் பாரத்தைத் தாங்குகிறது. சுவரின் கனத்தை இருமடங்காக்கினும் இவ்வளவு குறையாது. பாரமும், அதைத் தாங்கும் பரப்பும் ஒருங்கே இருமடங்காகின்றன. அடியில் சற்றுத் தடித்து, மேலே செல்லச் செல்ல மெலியும் சுவரிலேயே இவ்வழுத்தம் குறைகிறது. தொடக்க மாணவரோ அடிக்கு மேலுள்ள பகுதியை விரலால் மிகுதியாக அழுத்தி மெலிதாக்கிவிட்டு, விளிம்பருகே மண்ணைத் திரளவிடுகின்றனர். கலம் சரிவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

மண்ணைப் பங்கிடும் முறை உயரத்தையும் முடிவு செய்கிறது. 2 கிலோகிராம் மண்ணைக் கொண்டு 12 செ.மீ. குறுக்களவும் 1 செ.மீ. கனமுள்ள தளமும் உடைய நேர்கலம் வனைவதாகக் கொள்வோம். சுவர் 8 மி.மீ. கனமாயின் கலம் சுமார் 31 செ.மீ. உயரும், 12 மி.மீ. ஆயின் சுமார் 22 செ.மீ. மட்டுமே உயரும்.

வேகமும் முறுக்கமும்

சக்கரம் சுழலும்பொழுது சுவர் வெளிநோக்கி விரிய முற்படுகிறது. வேகம் இருமடங்கானால் இவ்விசை நான்கு மடங்காகும். ஆகையால் மண்ணை மையத்தில் நிறுத்துகையில் வேகம் மிகுந்தும், சுவர் உயர உயரக் குறைந்தும் இருத்தல் வேண்டும். வாய் அகன்றுவிட்டால் மீண்டும் ஒடுக்குதல் கடினம். ஆதலின் கலத்தை மேல்நோக்கிச் சற்றுக் குறுகிய வடிவிலேயே உயர்த்துதல் நலம்.

விரல் உலர்ந்து சுவரைப் பற்றினால் மண் முறுக்கிக்கொள்ளும். இதனைத் தவிர்க்க நீர் தேவை. ஆனால் கலத்தின் உள்ளே தேங்கும் நீர் அடியை மென்மையாக்குமாதலால், அதனை அவ்வப்பொழுது பஞ்சினால் ஒற்றியெடுத்தல் வேண்டும். பலமுறை இழுக்க இழுக்கச் சுவர் நீரை ஏற்றுத் தளரும். எனவே சில இழுப்புகளிலேயே உயரத்தை எட்டப் பயிலுதல் இன்றியமையாதது.

பகுதிகளாக இணைத்தல்

மிக உயரமான கலங்களை ஒரே மூச்சில் வனைய வேண்டுமென்பதில்லை. கீழ்ப்பகுதியையும் மேற்பகுதியையும் தனித்தனியே ஒரே குறுக்களவில் வனைந்து, ஈரம் சற்று வற்றித் தோல் போன்று உறுதியடைந்தபின், விளிம்புகளைக் கீறிக் குழைமண் தடவி ஒட்டலாம். இரண்டும் ஒத்த ஈரநிலையில் இராவிடில் உலரும்பொழுது இணைப்பில் வெடிப்புத் தோன்றும். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் அய்யனார் கோயில்களுக்குச் செய்யப்படும் பெரிய மண் குதிரைகளும் பகுதி பகுதியாக உருவாக்கி இணைக்கப்படுபவையே. பானை செய்யும் குயவர், தடித்த சுவருடன் வனைந்ததைச் சற்று உலரவிட்டு, உள்ளே கல்லைத் தாங்கி, வெளியே மரப்பலகையால் தட்டி மெலிதாகவும் பெரிதாகவும் ஆக்குகின்றனர். ஈரம் குறைந்து மண் வலுவடைந்த பின்னரே அதன்மீது பாரம் ஏற்றுவது இம்முறைகளுக்கெல்லாம் பொதுவான நெறியாகும்.

ஆசிரியருக்கு

முதற் கலங்களைப் பாதுகாக்க மாணவர் விரும்புவர். ஆயினும் அவற்றைக் கம்பியினால் மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்து, அடியிலும் நடுவிலும் விளிம்பிலும் சுவரின் கனத்தை அளவுகோலால் அளந்து எழுதச் செய்தல் வேண்டும். சரிந்த கலத்தையும் இவ்வாறே ஆராயலாம். சுடாத மண்ணை மீண்டும் பிசைந்து பயன்படுத்த இயலுமாதலால், இதில் இழப்பு ஏதுமில்லை. அடுத்த கலத்தில் விரலை எங்கே தளர்த்த வேண்டும், எங்கே அழுத்த வேண்டும் என்பதை அவ்வளவுகளே மாணவருக்கு உணர்த்தும்.