அலையின் வெள்ளையும் முதுகின் கறுப்பும்

கிழக்குக் கரையில் சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்புகிறது. அதனால் இலங்கைத்துறை முகத்துவாரத்தில் காலையில் கரைவலை இழுப்பதைப் படம்பிடிக்கப் போகிறவருக்கு வெயில் எப்போதும் நேர் முகத்தில்தான். உல்லைக்கழி கடலோடு சேரும் அந்த மணலில் நின்றால், ஒரே படத்துக்குள் இரண்டு அந்தங்கள் வந்துவிடும். ஒன்று, வெயில் பட்டுத் தகதகக்கும் அலைநுரை. மற்றது, வலைக்கயிற்றைப் பிடித்தபடி பின்னோக்கி நடக்கும் மனிதரின் வியர்த்த, கறுத்த முதுகு. கண் இரண்டையும் பார்த்துவிடும். கமரா பார்க்காது. நுரையைக் காப்பாற்றினால் முதுகு கரிப்பிடித்துப் போகும். முதுகைக் காட்டினால் நுரை வெற்றுத்தாளாகிவிடும்.

இந்த இக்கட்டுக்குப் பரிகாரமாக எல்லோரும் சொல்வது ‘றோவில் எடு’ என்பதுதான். சரியான யோசனை. ஆனால் எடுத்த பிறகு அந்தக் கோப்பை எதில் திறப்பது? திருகோணமலையில் கலியாண ஸ்டூடியோ நடத்துகிறவரும், நிலாவெளியில் படகேறித் திமிங்கிலம் பார்க்கப் போகிறவரும், கோணேசர் கோயில் வழியில் புள்ளிமானுக்குக் காத்திருக்கிற பாடசாலைப் பையனும் கேட்கிற கேள்வி இது. பக்கத்துக் கடைக்காரர் எதை வைத்திருக்கிறாரோ அதையே போட்டுக்கொள்வதுதான் இங்கே வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. நம் வெளிச்சத்தையும் நம் தோலின் நிறத்தையும் எது ஒழுங்காகக் கையாள்கிறது, இருபது வருடம் கழித்தும் எது நம் கோப்பைத் திறந்து தரும் என்ற இரண்டையும் பார்த்தே மென்பொருளைத் தேர வேண்டும்.

முதலில் றோ கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கமராவின் சென்சருக்குத் தன்பாட்டில் நிறம் தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்பது மட்டுமே தெரியும். கோடக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடுதான் இன்றும் பெரும்பாலான கமராக்களில் இருக்கிறது. ஒவ்வொரு பிக்சலுக்கு மேலும் ஒரு வண்ண வடிகட்டி: பாதிப் பிக்சல்களில் பச்சை, காற்பங்கில் சிவப்பு, காற்பங்கில் நீலம். ஆக ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு நிறத்தின் அளவுதான் உண்மையாகப் பதிவாகிறது. மற்ற இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகிக்க வேண்டும். அந்த ஊகம்தான் றோவைப் படமாக மாற்றும் மென்பொருளின் முதல் வேலை. ஒரே கோப்பு இரண்டு மென்பொருள்களில் இரண்டு விதமாகத் தெரிவதற்கு அங்கேயே காரணம் தொடங்குகிறது.

ஜேபெக்கில் எடுத்தால் இந்த வேலையைக் கமராவே கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்து, மிச்சத்தை வீசிவிடுகிறது. ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள்தான் எஞ்சும். 14 பிட் றோவில் 16,384 படிநிலைகள். கரைவலைக்காரரின் முதுகில் முள்ளந்தண்டின் வரியும் உப்புக் காய்ந்த தடமும் அந்த மேலதிகப் படிநிலைகளுக்குள்தான் ஒளிந்திருக்கின்றன.

நுரையின் கதை வேறு. பகல் வெளிச்சத்தில் சென்சரில் முதலில் நிரம்பி வழிவது பெரும்பாலும் பச்சைதான். சிவப்பும் நீலமும் இன்னும் கொஞ்சம் இடம் வைத்திருக்கும். வைட் பாலன்ஸ் போடும்போது அந்த இரண்டும் பெருக்கப்படுவதால், கவனமில்லாத மென்பொருளில் நுரை மஜெந்தா நிறம் பூசிக்கொள்ளும். சில மென்பொருள்கள் அதைச் சாம்பலாக்கித் தப்பித்துக்கொள்ளும். நல்லவை, எஞ்சிய இரண்டு நிறங்களையும் சுற்றியுள்ள புள்ளிகளையும் வைத்து அந்த இடத்தைத் திரும்பக் கட்டும். வெயில் நேரத்தில் எடுத்த அலைப்படம் ஒன்றை இரண்டு மூன்று மென்பொருள்களில் திறந்து, வெளிச்சத்தைக் குறைத்து, நுரையின் விளிம்பை நூறு வீதத்துக்குப் பெருப்பித்துப் பாருங்கள். விளம்பரப் படங்கள் காட்டாத வித்தியாசத்தை அது காட்டும். பணம் கட்டும் மென்பொருள்களுக்கும் சோதனைக் காலம் உண்டு. ஒரு சதமும் செலவாகாது.

இனி, கோப்பு யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். கெனனின் சிஆர்3, நிக்கோனின் என்இஎஃப், சோனியின் ஏஆர்டபிள்யூ என்று ஒவ்வொரு கம்பனியும் தனக்கென்று ஒரு வடிவம் வைத்திருக்கிறது; உள் அமைப்பை முழுமையாக வெளியிடுவதில்லை. 1997இல் டேவ் கொஃபின் என்ற அமெரிக்க நிரலாளர் இந்தப் பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறக்கும் டிசிறோ என்ற சிறு நிரலை எழுதத் தொடங்கினார். யாரும் படிக்கலாம், யாரும் எடுத்தாளலாம் என்று மூல நிரலைத் திறந்தே வைத்தார். பின்னால் வந்த பல மென்பொருள்கள் அந்த அத்திவாரத்தில் எழும்பியவை. 2005இல் நிக்கோன் தன் டி2எக்ஸ் கமராவின் வைட் பாலன்ஸ் தகவலைக் குறியாக்கம் செய்து மறைத்தபோது உலகெங்கும் படப்பிடிப்பாளர்கள் கொதித்தார்கள். கொஃபின் அந்தக் குறியாக்கத்தையும் உடைத்தார். நான் எடுத்த படத்தின் நிறத்தைப் படிக்க இன்னொருவரிடம் அனுமதி கேட்பதா என்ற அன்றைய கோபம் நியாயமானது. இன்றைக்கும் அந்தக் கோபம் நமக்கு வேண்டும்.

அதற்கு நம் ஊர்க் காரணம் ஒன்றும் உண்டு. அடோபியின் லைட்றூம் மென்பொருள் 2007இல் வந்தபோது ஒருமுறை காசு கொடுத்தால் நிரந்தரமாக உங்களுடையது. 2015இல் வெளியான ஆறாம் பதிப்போடு அந்த முறை நின்றது. பிறகு எல்லாம் சந்தா. லைட்றூம் அடங்கிய புகைப்படத் திட்டத்தின் விலை நெடுங்காலம் மாதம் 9.99 டொலர். 2022 மார்ச்சுக்கு முன் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. அந்த வருடம் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அடோபி ஒரு சதம் கூட்டவில்லை. ஆனாலும் திருமலை ஸ்டூடியோக்காரரின் மாதச் செலவு 2,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவாக ஏறியது. எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாகக் கலியாணங்களே சுருங்கிப்போன நேரத்தில் அது. சந்தா நின்றால் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம்; ஆனால் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். நம் நாணயத்தில் உழைத்து வேறு நாணயத்தில் வாடகை கட்டுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

பலர் கண்ட விடை கள்ளப் பிரதி. அது களவு, சொல்லத்தான் வேண்டும். அதோடு, வைரஸ் எந்தக் கோப்போடு ஒட்டிக்கொண்டு வருகிறதென்று தெரியாமல், அடுத்தவர் வீட்டுக் கலியாணப் படங்கள் இருக்கிற கணினியில் அதை ஏற்றுவது பெரிய துணிச்சல். இலவசமாகவே நேர்மையான வழிகள் இருக்கும்போது அந்தத் துணிச்சலுக்குத் தேவையும் இல்லை.

கமரா வாங்கியவருக்கு முதல் வழி, அந்தக் கம்பனியின் சொந்த மென்பொருள். கெனனுக்கு டிஜிட்டல் போட்டோ புறொஃபெஷனல், நிக்கோனுக்கு 2021இல் வந்த என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். மூன்றும் இலவசம். கமராத் திரையில் பார்த்த நிறத்துக்கு ஆக நெருக்கமான நிறத்தைத் தருவதும் இவைதான். வேகம் குறைவு, வசதியும் குறைவு. ஆனாலும் புதிதாகப் பழகுகிறவர் இங்கே தொடங்குவதையே நான் விரும்புவேன். தன் கமரா எதைப் பார்த்தது என்று முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த படிக்கு டார்க்டேபிளும் றோதெரபீயும். றோதெரபீயை ஹங்கேரியரான காபோர் ஹோர்வாத் 2004 அளவில் தொடங்கினார். 2010இல் அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. டார்க்டேபிள் 2009இல் வந்தது, விண்டோஸுக்கு 2017இல். இரண்டையும் உலகம் முழுவதிலுமிருந்து ஆர்வலர்கள் கூடி எழுதுகிறார்கள். சந்தா இல்லை, காலக்கெடு இல்லை, இணைய இணைப்பும் தேவையில்லை. பழைய மடிக்கணினி வைத்திருப்பவருக்கு றோதெரபீ பொருந்தும்; அது கிராஃபிக்ஸ் அட்டையை எதிர்பார்ப்பதில்லை. டார்க்டேபிள் அந்த அட்டை இருந்தால்தான் சுறுசுறுப்பாக ஓடும். நான் பயன்படுத்துவது டார்க்டேபிள். பழகுவதற்குக் கடினமானது என்பதை மறைக்கவில்லை. மொடியூல்களின் பட்டியலைப் பார்த்தே ஓடிப்போனவர்கள் உண்டு. ஆனால் அதன் சிக்மொய்ட், ஃபில்மிக் மொடியூல்களில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எக்ஸ்போஷரோடு சேர்த்துப் பழகினால், நான் மேலே சொன்ன நுரையும் முதுகும் ஒரே படத்தில் சமாதானமாக இருக்கும்.

முதுகு என்றதும் தோலின் நிறத்தைப் பேசாமல் போக முடியாது. ஸ்டூடியோவில் அல்பம் பார்க்க வருகிற தாய்மார், “மாப்பிளையைக் கொஞ்சம் வெளிச்சமாக்கித் தாங்கோ தம்பி” என்று கேட்பதுண்டு. மென்பொருளின் ‘ஓட்டோ’ பொத்தான் யாரும் கேட்காமலே அதைச் செய்துவிடுகிறது என்பதுதான் என் மனவருத்தம். இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. பிலிம் காலத்தில், 1950களிலிருந்து, நிறத்தைச் சரிபார்க்க ஆய்வுகூடங்கள் வைத்திருந்த கோடக்கின் ‘ஷேர்லி’ அட்டைகளில் இருந்தவர் வெள்ளைத் தோலுடைய பெண். பல நிறத்தவரையும் சேர்த்த அட்டை 1990களில்தான் வந்தது. இருண்ட படத்தைக் கண்டால் சராசரிச் சாம்பலுக்கு இழுத்து உயர்த்துவது இன்றைய ஓட்டோவின் சுபாவம். மாநிறமும் கறுப்புமான தோல் அப்போது சாம்பல் பூத்து, உள்ளே இருக்கிற செம்மையை இழந்துவிடும். கறுத்த தோலின் அழகு அதன் மினுக்கத்தில். கன்ன எலும்பில் விழும் சிறு வெளிச்சத்துக்கும் அதற்குக் கீழே இருக்கும் ஆழத்துக்கும் இடையிலான தூரத்தில். அந்தத் தூரத்தைச் சுருக்குகிற மென்பொருள் நமக்கு உதவாது. எதை வாங்கினாலும் முதல் வேலையாக ஓட்டோவை நிறுத்திவிட்டு, உங்கள் வீட்டார் ஒருவரின் முகத்தை நிழலிலும் வெயிலிலும் எடுத்துச் சோதித்துப் பாருங்கள்.

மணவறை இன்னொரு பரீட்சை. செக்கச்சிவந்த கூறைச்சேலையில் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, நெசவின் கோடுகள் அழிந்து, துணி பிளாஸ்ரிக் போலாகிவிடும். பின்னால் எரியும் நீல எல்ஈடி விளக்குகள் அதே கேட்டை நீலத்தில் செய்யும். செறிவைச் சும்மா குறைத்தால் பொம்பிளையின் முகமும் சேர்ந்து வெளிறும். சிவப்பை மட்டும் தனியே பிடித்து இறக்க வசதி இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் கலியாண வேலைக்கு மென்பொருள் தேர வேண்டும். ஒரு கலியாணத்தில் 2,000 படம் எடுத்து அடுத்த கிழமையே கொடுக்க வேண்டியவருக்கு லைட்றூமோ கப்சர் வன்னோ தருகிற வேகம் உண்மையிலேயே பெறுமதியானது. அதைக் கடை வாடகை போலக் கணக்கில் சேர்த்துக்கொண்டு கட்டலாம். பொழுதுபோக்குக்கு எடுக்கிறவர் கட்டத் தேவையில்லை.

இந்த மாவட்டத்தில் கமரா கடலுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடியில் முக்குளித்து, மூழ்கிக் கிடந்த கோயில் இடிபாடுகளைக் கண்டார்கள். நீருக்கடியில் படம் எடுப்பவருக்கு அன்றும் இன்றும் தொல்லை ஒன்றே: சில மீற்றர் ஆழத்துக்குள்ளேயே தண்ணீர் சிவப்பு வெளிச்சத்தை வெகுவாக உறிஞ்சிவிடும். நிலாவெளிக்கு எதிரே, 2003இல் தேசிய பூங்காவான புறாமலையின் பவளப்பாறைகளை இன்று சிறிய நீர்புகாக் கமராவோடு போகிறவரும் எடுக்கலாம். ஒலிம்பஸ் தொடங்கிய டிஜி வரிசையில் 2015இலிருந்து றோவும் எடுக்கலாம். ஜேபெக்கில் நீலம் படிந்துபோன படத்தை மீட்பது கடினம். றோவில் எஞ்சிய சிவப்பைத் தனியே உயர்த்தலாம்; டார்க்டேபிளில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிப் பெருக்கி இருக்கிறது. உயர்த்தும்போது புள்ளிப்புள்ளியாய் இரைச்சல் வரும். அளவோடு நிறுத்துவதுதான் கைப்பழக்கம்.

அந்த இரைச்சலைத் துடைக்கச் செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. டிஎக்ஸ்ஓவின் டீப்பிறைம் போன்றவை செய்வது வியப்பான வேலைதான். ஆனால் ஓர் இடத்தில் எனக்குக் கலக்கம். பங்குனி, சித்திரை முதல் திருமலைக்கு வெளியே ஆழ்கடலில் நீலத் திமிங்கிலங்கள் தெரியும். அவற்றைத் தனித்தனியாக ஆய்வாளர்கள் அடையாளம் காண்பது விலாவில் இருக்கும் மங்கலான சாம்பல் திட்டுகளைக் கொண்டு. ஒவ்வொரு திமிங்கிலத்துக்கும் அந்தக் கோலம் வேறு. இரைச்சல் எது, திட்டு எது என்று நுண்ணறிவு ஊகிக்கும் இடத்தில் திட்டு அழியலாம், இல்லாத கோலம் தோன்றவும் கூடும். திமிங்கிலப் படத்தை ஆய்வுக்குக் கொடுக்க நினைப்பவர் இரைச்சலோடேயே கொடுக்கட்டும். மூலக் கோப்பையும் வைத்திருக்கட்டும். உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியும் படம் உண்மையானதா என்று பார்க்க மூலக் கோப்பைத்தான் கேட்கிறது.

மூலக் கோப்பை வைத்திருப்பது இங்கே வெறும் தொழில் ஒழுங்கு அல்ல. போர்க்கால இடப்பெயர்விலும் 2004 சுனாமியிலும் கலியாண அல்பம் முதல் பிள்ளையின் முதல் படம் வரை எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் இந்தக் கரை நெடுக உண்டு. ஸ்டூடியோவிலும் நெகட்டிவ் மிஞ்சவில்லையென்றால் அந்த முகங்களைத் திரும்பப் பார்க்க வழியே இல்லை. இன்று 2,000 றோ படங்கள் 50, 60 ஜிபிதான், வன்தட்டு மலிந்துவிட்டது. ஒரு பிரதி கடையில் இருந்தால் இன்னொன்று கடற்கரைக்குத் தள்ளி, வேறொரு வீட்டில் இருக்க வேண்டும்.

வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு மென்பொருளில் செய்த திருத்தத்தை மற்றது அப்படியே படிக்காது. டார்க்டேபிள் அதை எக்ஸ்எம்பி என்ற துணைக்கோப்பிலும், றோதெரபீ பிபி3 கோப்பிலும், லைட்றூம் தன் கட்டலொக்கிலும் எழுதிவைக்கும். ஆகவே றோவோடு அந்தத் துணைக்கோப்பையும், திருத்தி முடித்த படத்தின் முழு அளவு டிஃப் அல்லது ஜேபெக் பிரதியையும் ஒரே கோப்புறையில் போடுங்கள். கமராவின் வடிவம் வழக்கொழிந்துவிடுமோ என்று பயந்தால், அடோபி 2004இல் வெளியிட்டு அமைப்பையும் திறந்து காட்டிய டிஎன்ஜி வடிவத்துக்கு மாற்றி ஒரு பிரதி சேர்க்கலாம். அதற்கான மாற்றி இலவசம். கோப்புறையின் பெயரில் திகதியும் ஊரும் இருக்கட்டும்.